விசில் ஊதியபின் விழுந்த கோல்

2010 மார்ச் 28. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேய்ன் என்ற நகரம். கல்லூரி அணிகளின் ஐஸ் ஹொக்கி மட்ச். இரண்டு பக்கமும் இரண்டு கோல். வழக்கமான அறுபது நிமிஷம் முடிந்து மேலதிக நேரம் ஓடுகிறது. இதில் யார் முதல் கோல் அடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி, அந்தக் கணமே மட்ச் முடிஞ்சுது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கெவின் லிஞ்ச் அடித்தது வலைக்குள் போகிறது. மிச்சிகன் பெடியளுக்கு வெற்றி கைக்கு வந்தமாதிரி. ஆனால் மத்தியஸ்தர் கோல் இல்லை என்கிறார். அதுக்கு முதலே விசில் ஊதியாச்சாம்.

ஆட்டம் தொடர்ந்தது. இரண்டாவது மேலதிக நேரத்தில் எதிரணியான மயாமி பல்கலைக்கழகத்தின் ஆல்டன் ஹிர்ஷ்ஃபெல்ட் கோல் அடித்தார். 3–2. மிச்சிகன் வீட்டுக்குப் போனது.

எங்களில் கனபேருக்கு ஹொக்கி என்றால் புல்தரையில் வளைந்த மட்டையோடு ஓடுற விளையாட்டுத்தான் ஞாபகம் வரும். ஐஸ் ஹொக்கியை நேரில் பார்த்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் ஒரு சின்ன நகரத்தில், பத்துப் பதினைஞ்சு வருஷத்துக்கு முதல் ஊதின ஒரு விசிலைப் பற்றி நாங்கள் ஏன் கதைக்கவேணும்? காரணம் இருக்கு. அடுத்த வருஷம் அதே அணிக்கு, அதே ஆளுக்கு, அதே மாதிரி ஒரு மேலதிக நேரத்தில் வேறொன்று நடந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிழையான தீர்ப்பு எண்டு ரசிகர்கள் சண்டை பிடிக்கும்போது உண்மையில் எதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள் என்பது விளங்கும். கிரிக்கெட்டோ, உதைபந்தாட்டமோ, எங்கட பள்ளிக்கூட பிக் மட்சோ, எல்லாத்துக்கும் அது பொருந்தும்.

ஒரு மட்ச், ஒரே மட்ச்

முதலில் இந்தப் போட்டியின் அமைப்பைச் சொல்லவேணும். அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் தேசியப் போட்டி 1948இல் நான்கு அணிகளோடு தொடங்கியது. அந்த முதல் பட்டத்தை வென்றது மிச்சிகன்தான். 2003 தொடக்கம் பதினாறு அணிகள். நான்கு நகரங்களில் நான்கு நான்கு அணிகளாக மோதி, ஒவ்வொரு நகரத்திலிருந்தும் ஒரு அணி கடைசி நான்குக்குப் போகும். தொழில்முறை ஹொக்கியில் ஸ்டான்லி கோப்பைக்கு ஏழு மட்ச் தொடர் விளையாடுவார்கள். ஒருநாள் அநியாயம் நடந்தால் மற்றநாள் ஈடுகட்டலாம். கல்லூரிப் போட்டியில் அது கிடையாது. ஒருக்கால் தோற்றால் அந்த வருஷம் முடிஞ்சுது.

அதோடு கல்லூரி வீரர் ஒருவருக்கு விளையாடக் கிடைப்பது பொதுவாக நாலு பருவம்தான். கடைசி வருஷப் பெடியனுக்கு அந்த விசில் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விடக்கூடிய ஒன்றில்லை. அவர்களில் பெரும்பாலானோர் தொழில்முறை வீரராகப் போகப்போவதும் இல்லை. கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு விளையாடிய கடைசி மட்ச் அதுவாகத்தான் இருக்கும்.

மிச்சிகனுக்கு அந்த 2010 பருவமே ஒரு இழுபறி. லீக்கில் ஏழாவது இடம். இருபதாவது வருஷமாகத் தொடர்ந்து தேசியப் போட்டிக்குப் போகவேண்டும் என்றால் லீக்கின் இறுதிக் கட்டக் கோப்பையை வென்றே ஆகவேண்டும் என்ற நிலை. அந்த நேரம் பார்த்து முதல்நிலைக் கோல் காப்பாளருக்குக் காயம். அவருக்குப் பதிலாக இறங்கியவர் ஷோன் ஹன்விக். உதவித்தொகை இல்லாமல், தானாக வந்து அணியில் சேர்ந்த ஒரு கட்டைப் பெடியன். அவரை வைத்துக்கொண்டு அவர்கள் கோப்பையையும் வென்று, தேசியப் போட்டியின் முதல் மட்சில் பெமிட்ஜி ஸ்டேட் அணியையும் அடித்து, மயாமிக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

மயாமி என்றதும் ஃப்ளோரிடா கடற்கரையை நினைக்காதையுங்கோ. இது ஓஹாயோ மாநிலத்தில் ஒக்ஸ்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில் இருக்கிற பல்கலைக்கழகம். 1809இல் நிறுவப்பட்டது. அந்த மண்ணின் பழங்குடி மக்களுடைய பெயர்தான் அதற்கு. மயாமிக்காரருக்கும் ஒரு காயம் இருந்தது. முந்தைய வருஷம், 2009 இறுதிப் போட்டியில், பொஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 3–1 என்று முன்னணியில் நின்றார்கள். ஒரு நிமிஷம்தான் மிச்சம். அந்த ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு கோல் வாங்கி, மேலதிக நேரத்தில் 4–3 என்று தோற்றுப்போனார்கள். அதில் மத்தியஸ்தரைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் விதி எங்களுக்கு ஒன்று கடன்பட்டிருக்கு எண்டு நினைக்க ஒரு ரசிகனுக்கு அது போதாதா?

விசில் என்ன செய்கிறது

ஐஸ் ஹொக்கியில் பந்து கிடையாது. பக் என்று சொல்கிற கறுப்பு இறப்பர் தட்டு. குறுக்களவு மூன்று அங்குலம், தடிப்பு ஒரு அங்குலம். கோலின் அகலம் ஆறு அடி, உயரம் நாலு அடி. அந்தச் சின்ன வாசலுக்கு முன்னால் பெரிய கவசம் போட்ட கோல் காப்பாளரும், அவரைச் சுற்றி நாலைந்து பேரும் குவிந்து கிடந்தால், பக் எங்கே கிடக்கிறது என்று பக்கத்தில் நிற்கிறவருக்கே தெரியாது.

அதனால் ஒரு விதி இருக்கிறது. மத்தியஸ்தருக்குப் பக் கண்ணுக்குத் தெரியாமல் போனால் அவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தவேண்டும். இது கோல் காப்பாளரைப் பாதுகாக்கிற விதி. இது இல்லாவிட்டால், அவர் பக்கின்மேல் விழுந்து கிடக்கும்போது எதிரணிக்காரர் மட்டையால் குத்திக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். கையும் முகமும் கிழியும்.

விதி நியாயமானதுதான். அதில் ஒரு சிக்கலும் இருக்கு. மத்தியஸ்தருக்குத் தெரியாத பக், உண்மையில் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் சும்மா கிடக்கலாம். அவர் நிற்கிற கோணத்தில் மறைந்திருப்பது, மற்றக் கோணத்தில் நிற்கிற வீரனுக்கு வடிவாகத் தெரியலாம். அவன் அடிப்பான். பக் உள்ளே போகும். எல்லாரும் காண்பார்கள். ஆனால் விசில் ஊதியாகிவிட்டது என்றால் அந்தக் கோல் இல்லை.

வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் விதிநூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. விசிலை ஊதுவது ஒரு மனிதன். ஆட்டத்தை நிறுத்தவேணும் என்று அவன் தீர்மானிப்பதற்கும் வாயில் காற்று வந்து சத்தம் கேட்பதற்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஆகவே சத்தம் வருவதற்குச் சற்று முன்னரே ஆட்டம் நின்றுவிட்டதாக மத்தியஸ்தர் கருதலாம். அந்த விதியின் சாரம் அதுதான். ஆட்டம் நின்ற கணம் மத்தியஸ்தரின் மண்டைக்குள் இருக்கிறது. எந்தக் கமராவாலும் அதைப் படம்பிடிக்க முடியாது.

இதைப் படிக்கும்போது கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ‘அம்பயர்ஸ் கோல்’ ஞாபகம் வரும். தீர்ப்பை மீளாய்வு செய்யும் முறை டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதல் பரீட்சித்துப் பார்க்கப்பட்டதே இலங்கையில்தான். 2008இல் இந்திய அணி வந்து விளையாடிய தொடர் அது. இலங்கை கேட்ட மேன்முறையீடுகளில் பதினொன்று வென்றது. இந்தியா வென்றது ஒன்றே ஒன்று. கமரா வந்தால் சண்டை முடியும் எண்டு அப்போது நினைத்தவர்கள் உண்டு. பதினாறு பதினேழு வருஷம் கழிச்சும், பந்து விக்கெட்டின் ஓரத்தில் உரசுகிறது என்று திரையில் காட்டிவிட்டு, அம்பயர் முதலில் சொன்னதே முடிவு என்று சொன்னால் இப்பவும் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனெண்டால் மீளாய்வில் கேட்கப்படுகிற கேள்வி, என்ன நடந்தது என்பதில்லை. முதல் தீர்ப்பு சந்தேகமில்லாமல் பிழையா என்பதுதான். இரண்டும் வேறுவேறு கேள்விகள். பார்க்கிறவன் முதல் கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கிடைப்பது இரண்டாவதுக்கான பதில்.

இரண்டு பக்கமும் சரி

இப்படியான ஒரு மட்சுக்குப் பிறகு ரசிகர்கள் கதைப்பதைக் கேட்டால், சத்தத்துக்கு நடுவில் இரண்டு உண்மையான வாதங்கள் இருக்கும்.

முதலாவது: பக் உள்ளே போனது. கோல் காப்பாளர் அதைப் பிடித்து வைத்திருக்கவில்லை. விசில் பிந்தி ஊதப்பட்டிருக்கவேண்டும். ஒருவரின் பார்வைக் கோளாறுக்காக ஒரு அணி ஏன் தன் பருவத்தை இழக்கவேண்டும்?

இரண்டாவது: விசில் கேட்டால் தடுக்கிறவர்கள் நின்றுவிடுவார்கள். கோல் காப்பாளர் உடம்பைத் தளர்த்திவிடுவார். விசிலுக்குப் பிறகு விழுந்த கோலை ஏற்றுக்கொண்டால், இனி யாரும் விசிலுக்கு நிற்கமாட்டார்கள். விசில் பிழையாக ஊதப்பட்டிருந்தாலும் அது விசில்தான். ஊதாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் சொல்ல ஏலாது.

வடிவாகப் பார்த்தால் இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் தீர்ப்பின் பிழையைப் பற்றிச் சொல்கிறார். இரண்டாமவர் பிழையான தீர்ப்பையும் திருப்பமுடியாத ஒரு சூழ்நிலையைப் பற்றிச் சொல்கிறார். இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பதாக நினைக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சண்டை முடிகிறதில்லை.

மூன்றாவதாக ஒருவர் எப்பவும் வருவார். “உதெல்லாம் கடைசியில சமப்படும். இண்டைக்கு எங்களுக்கு, நாளைக்கு அவைக்கு. விடுங்கோ.” இவரைத்தான் நாங்கள் கொஞ்சம் கவனமாகப் பார்க்கவேணும். ஏனெண்டால் மிச்சிகன் விஷயத்தில் அவர் சொன்னது அப்படியே நடந்தது.

கணக்குச் சரியா?

2011 மார்ச் 25. செய்ன்ட் லூயிஸ் நகரம். திரும்பவும் தேசியப் போட்டி, திரும்பவும் மேலதிக நேரம், ஸ்கோர் திரும்பவும் 2–2. இந்தமுறை எதிரணி நெப்ராஸ்கா-ஒமஹா. கோல் வாசலில் ஒரு நெரிசல். பக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று தெளிவில்லை. மத்தியஸ்தர்கள் வீடியோவைப் பார்க்கப் போனார்கள். அவர்கள் நீண்டநேரம் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு அணிகளும் ஐஸில் காத்துக்கொண்டு நின்றன. கடைசியில் கோல் என்று தீர்ப்பு வந்தது. அடித்தவர் கெவின் லிஞ்ச். மிச்சிகன் 3–2 என்று வென்றது.

அதே ஆள், அதே கட்டம், அதே ஸ்கோர். போன வருஷம் பறிபோன கோல் இந்த வருஷம் திரும்பிக் கிடைத்தது. மிச்சிகன் ரசிகனுக்கு இதைவிட நீதி வேறென்ன வேணும்?

இப்ப ஒமஹா பக்கத்தில் நின்று பாருங்கோ. ஒமஹாவின் ஹொக்கி அணி 1997இல்தான் தொடங்கியது. தேசியப் போட்டிக்கு அவர்கள் வந்தது அது இரண்டாவது தடவை. அதுவரை அந்தப் போட்டியில் ஒரு மட்ச் கூட வென்றதில்லை. அன்றைக்கும் வெல்லவில்லை. 2015இல்தான் அவர்களுக்கு அந்த முதல் வெற்றி கிடைத்தது. 2010இல் ஃபோர்ட் வேய்னில் நடந்ததுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. மிச்சிகனிடமிருந்து எதையும் இவர்கள் எடுக்கவில்லை. எடுத்தது மயாமி என்றால், திருப்பிக் கொடுத்தது ஒமஹா.

“கடைசியில சமப்படும்” என்ற ஆறுதலில் இருக்கிற ஓட்டை இதுதான். ஒருவனுடைய கணக்கு சமப்படுகிறது, உண்மை. ஆனால் அது இன்னொருவனுடைய காசில் சமப்படுகிறது. கடன் வாங்கினவன் ஒருவன், கட்டினவன் வேறொருவன். கனகாலம் விளையாடுகிற, வருஷாவருஷம் போட்டிக்கு வருகிற பெரிய அணிக்குத்தான் சமப்படுகிற அளவுக்குச் சந்தர்ப்பம் கிடைக்கும். பத்து வருஷத்துக்கு ஒருக்கால் வருகிற சின்ன அணிக்கு ஒரு பிழை நடந்தால், அது சமப்படுவதற்கு இன்னொரு மட்ச் வேணுமே. 2010இல் கடைசி வருஷம் படித்த மிச்சிகன் வீரர்களுக்கும் எதுவும் சமப்படவில்லை. அவர்கள் அப்போது அணியிலேயே இல்லை.

அதற்காக 2011 தீர்ப்பு பிழை என்று நான் சொல்லவரவில்லை. சரியான தீர்ப்பு என்றால் அது போன வருஷத்துக்கான பரிசாக இருக்கத் தேவையில்லை, சரியாக இருந்தால் போதும். அதைப் போன வருஷத்தோடு முடிச்சுப் போட்டது ரசிகர்களின் மனசுதான்.

அந்த வருஷம் மிச்சிகன் இறுதிப் போட்டி வரைக்கும் போனது. செய்ன்ட் போலில் நடந்த அந்த மட்சும் மேலதிக நேரத்துக்குப் போய், மினசோட்டா-டுலூத் அணியிடம் 3–2 என்று தோற்றார்கள். டுலூத்துக்கு அது முதல் பட்டம்.

நீலக் கட்டத்துக்குள் ஒரு கால்

டுலூத்தில் 1984 முதல் 1986 வரை விளையாடிய ஒரு மாணவரின் பெயர் பிரெட் ஹல். பின்னாட்களில் அவர் தொழில்முறை ஹொக்கியின் பெரிய கோல் அடிப்பாளர்களில் ஒருவரானார். ஐஸ் ஹொக்கி வரலாற்றில் ஆகக்கூடச் சண்டை பிடிக்கப்பட்ட கோலும் அவருடையதுதான். அதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது.

1999 ஜூன். ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஆறாவது மட்ச், பஃபலோ நகரத்தில். டலஸ் ஸ்டார்ஸ் தொடரில் 3–2 என்று முன்னணியில். பஃபலோ சேபர்ஸ் தோற்றால் எல்லாம் முடிஞ்சுது. மட்ச் 1–1 என்று மூன்றாவது மேலதிக நேரம் வரைக்கும் இழுத்தது. விடியப்புறம் ஒன்றரை மணியளவில் ஹல் அடித்தார். வீரர்களும் படம்பிடிக்கிறவர்களும் ஐஸை நிறைத்துவிட்டார்கள். டலஸுக்குக் கோப்பை.

அதற்குப் பிறகுதான் மறுஒளிபரப்பை எல்லோரும் பார்த்தார்கள். ஹல்லின் இடது கால் கோல் வாசலில் நீலம் பூசின கட்டத்துக்குள் இருந்தது. அந்தப் பருவம் முழுக்க லீக் இறுக்கமாகக் கடைப்பிடித்த விதி ஒன்று இருந்தது. பக் போவதற்கு முன்னர் தாக்கும் அணிக்காரர் அந்தக் கட்டத்துக்குள் இருந்தால் கோல் இல்லை. அந்த ஒரு வருஷத்தில் விரல் நுனி அளவு கால் பட்டதற்கெல்லாம் எத்தனையோ கோல்களை ரத்துச் செய்திருந்தார்கள். ரசிகர்களுக்கு விதி மனப்பாடம். தங்கட அணியின் கோலை அதே காரணத்துக்காக ரத்துச் செய்ததைப் பார்த்தவர்கள், கோப்பையைத் தீர்மானிக்கிற கோலுக்கு மட்டும் அந்த விதி எங்கே போனது என்று கேட்டார்கள்.

லீக்கிடம் ஒரு பதில் இருந்தது. ஹல் முதலில் அடித்து, திரும்பிவந்த பக்கைத் தானே கட்டுப்பாட்டில் எடுத்துத்தான் இரண்டாந்தரம் அடித்தார். பக்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் கட்டத்துக்குள் கால் வைக்கலாம். இந்த விளக்கத்தைப் பருவத்தின் நடுவிலேயே அணிகளுக்கு ஒரு சுற்றறிக்கையாக அனுப்பியிருந்தோம் என்றார்கள்.

விதியின்படி அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் மட்ச் முடிந்து, கோப்பை கொடுத்து, கொண்டாட்டமும் நடந்தபிறகு வந்த விளக்கம் அது. பார்க்கிறவர்களில் கனபேர் அப்படியொரு சுற்றறிக்கையைக் கேள்விப்பட்டதே இல்லை. பஃபலோக்காரர் கார்களில் “கோல் இல்லை” எண்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்தப் பருவத்தோடு லீக் அந்தக் கட்ட விதியையும் கைவிட்டது. அதைக் கேட்டதும் பஃபலோக்காரருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. விதி சரி என்றால் ஏன் நீக்குகிறாய், பிழை என்றால் எங்கட கோப்பைக்கு என்ன பதில் என்று. 1970இல் தொடங்கிய சேபர்ஸ் இன்றுவரை ஸ்டான்லி கோப்பையை வெல்லவில்லை.

இங்கே காயம் கால் எங்கே இருந்தது என்பதில் இல்லை. காலை எல்லோரும் கண்டார்கள். விதியை விளக்குகிற அதிகாரம் வைத்திருப்பவர்கள், அந்த விளக்கத்தைத் தங்கட மேசைக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, தேவைப்பட்டபோது வெளியே எடுத்தார்கள் என்பதில்தான் காயம். முடிவு வந்துவிட்டது, விசாரித்தோம் என்கிறார்கள், காரணம் பிறகு வரும். இந்த மாதிரித் தீர்ப்பு எப்படி வலிக்கும் என்று எங்கட ஊர் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

திருப்பிக் கொடுத்தவர்கள்

பிழை நடந்தது. அதை ஒளிப்பதிவு காட்டுகிறது. இனி என்ன? இதற்கு ஒருக்கால் வேறொரு பதிலும் கிடைத்திருக்கிறது. அது ஹொக்கியில் நடந்ததில்லை, அமெரிக்க ஃபுட்போலில். ஆனால் கல்லூரி விளையாட்டுத்தான்.

1940 நவம்பர் 16. கோர்னெல் பல்கலைக்கழகம் டார்ட்மத் கல்லூரியின் மைதானத்துக்குப் போய் விளையாடியது. கோர்னெல் அப்போது பதினெட்டு மட்சாகத் தோல்வியே காணாத அணி. அன்றைக்கு டார்ட்மத் 3–0 என்று முன்னணியில் நிற்க, கடைசி விநாடிகளில் கோர்னெல் புள்ளி எடுத்து 7–3 என்று வென்றது. அமெரிக்க ஃபுட்போலில் பந்தைக் குறித்த தூரம் நகர்த்த ஒரு அணிக்கு நாலு முயற்சிதான். கடைசி நேரக் குழப்பத்தில் மத்தியஸ்தர் கணக்கைத் தவறவிட்டு ஐந்தாவது முயற்சியை அனுமதித்துவிட்டார். கோர்னெல் வென்றது அந்த ஐந்தாவதில்.

கோர்னெலின் பயிற்றுநர் கார்ல் ஸ்னேவ்லி மட்சுகளைப் படம்பிடித்து ஆராயும் பழக்கத்தை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர். அவர்களிடம் படச்சுருள் இருந்தது. கழுவிப் போட்டுப் பார்த்தார்கள், எண்ணினார்கள். ஐந்து. மத்தியஸ்தரும் தன் பிழையை ஒத்துக்கொண்டார். முடிவை மாற்ற எந்த விதியிலும் இடமில்லை. கோர்னெல் பேசாமல் இருந்திருக்கலாம். அவர்கள் டார்ட்மத்துக்குத் தந்தி அடித்து, வெற்றிக்கான உரிமையைக் கைவிடுகிறோம் என்றார்கள். டார்ட்மத் ஏற்றுக்கொண்டது. அந்த மட்ச் இன்றைக்கும் 3–0, டார்ட்மத் வெற்றி என்றுதான் பதிவில் இருக்கிறது. அதற்கடுத்த மட்சில் கோர்னெல் பென்சில்வேனியாவிடமும் தோற்றது. பெருந்தன்மைக்குப் பரிசு என்று ஒன்றும் கிடைக்கவில்லை.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து, 1990 ஒக்டோபர் 6இல், இதே பிழை திரும்ப நடந்தது. கொலராடோ பல்கலைக்கழகம் மிசூரிக்கு எதிராக 33–31 என்று வென்றது. கடைசிப் புள்ளிகள் ஐந்தாவது முயற்சியில் வந்தவை. இந்தமுறை ஆராய்ந்து பார்க்கப் படச்சுருள் கழுவிக்கொண்டிருக்கத் தேவையில்லை, ஒளிப்பதிவு அப்போதே இருந்தது. கொலராடோ வெற்றியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வருஷம் தேசிய சாம்பியன் பட்டத்தையும் இன்னொரு அணியோடு பகிர்ந்துகொண்டது.

இந்த இரண்டு மட்சுக்கும் இடையில் கமரா முன்னேறியது. 1940இல் ஒரு படச்சுருளால் செய்ய முடிந்ததை 1990இன் தொலைக்காட்சியால் செய்ய முடியவில்லை. பிழையைக் காட்டுவது கமராவின் வேலை. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது அந்தப் பிழையால் லாபம் அடைந்தவரின் கையில் இருக்கிறது. அதனால்தான் ரசிகர்கள் மத்தியஸ்தரை மட்டும் திட்டுவது எனக்கு எப்பவும் அரைகுறையாகப் படும். அவர் ஒரு விநாடியில், ஒரே கோணத்திலிருந்து, உடனே முடிவு சொல்லவேண்டியவர். வென்ற அணிக்கு யோசிக்க நாட்கள் இருக்கின்றன.

அதற்காக ஒவ்வொரு மட்சுக்குப் பிறகும் வென்றவர் தந்தி அடிக்கவேணும் என்று கேட்கவும் முடியாது. ஐந்தாவது முயற்சி என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய பிழை. ஒன்று, இரண்டு, மூன்று என்று யாரும் எண்ணலாம். மத்தியஸ்தரின் மண்டைக்குள் ஆட்டம் எந்தக் கணத்தில் நின்றது என்பதை யார் எண்ணுவது? 2010இல் மயாமி வெற்றியைத் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். விசிலுக்கு நின்றவர்கள் பிழை செய்யவில்லை.

சண்டை பிடிக்கிறது எப்படி

கோர்னெலில் ஒரு ஹொக்கி அரங்கு இருக்கிறது. பெயர் லைனா ரிங்க். 1957இல் திறந்தது. அந்தத் தந்தி போன காலத்தில் கோர்னெலின் விளையாட்டுத்துறையை நடத்திய ஜேம்ஸ் லைனாவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியில் ஆகவும் சத்தம் போடுகிற, எதிரணியை ஆகவும் நக்கலடிக்கிற ரசிகர்கள் இருக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. எதிரணி வீரர்களின் பெயர் வாசிக்கும்போது எல்லோரும் பத்திரிகையை விரித்து வைத்து வாசிக்கிற மாதிரிப் பாவனை செய்வார்கள், ஆர்வமில்லையாம். வெற்றியைத் திருப்பிக் கொடுத்த கல்லூரியின் ரசிகர்களும் மத்தியஸ்தரைத் திட்டாமல் இருக்கிறதில்லை. திட்டட்டும். சண்டை பிடிக்காத ரசிகன் மட்சைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் சண்டை பிடிக்கும்போது எதைப் பற்றிப் பிடிக்கிறோம் என்று தெரிந்திருந்தால் நல்லது. பக் எங்கே இருந்தது என்பது ஒரு கேள்வி. அதற்குக் கமரா பதில் சொல்லும், சிலவேளை. விதி என்ன சொல்கிறது என்பது இரண்டாவது. அதற்கு விதிநூல் பதில் சொல்லும், அது எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தால். ஏன் இப்படித் தீர்ப்புச் சொன்னாய் என்பது மூன்றாவது. அதற்கு ஒரு மனிதன்தான் வாயைத் திறந்து பதில் சொல்லவேண்டும். பஃபலோவில் நேரத்துக்குக் கிடைக்காமல் போனது அந்த மூன்றாவது பதில்தான். அதனால்தான் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

தோல்வியை ஏற்றுக்கொள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லலாம், சொல்லவும் வேணும். காரணம் கேட்காதே என்று சொல்ல ஏலாது. “கடைசியில எல்லாம் சமப்படும்” என்று அடுத்தமுறை யாராவது சொன்னால், ஒமஹாவை நினைத்துக்கொண்டு, யாருடைய காசில எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.